எத்தனை சதுர மீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஃபில்டர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்கொயர் மீட்டர் வருங்க?" என்பதுதான். அடுத்தது விலை. கோவைப் பக்கம், பட்டறைத் தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் டஸ்ட் கலெக்டர்களுக்கான மடிப்பு ஃபில்டர்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டு வாங்கிய ஃபில்டர்கள் அற்பாயுளில் போவதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தின் பரப்பு பில்லில் இருக்கும்; காற்று அங்கே போய்ச் சேராது. அப்படியே சேர்ந்தாலும், உள்ளே போன தூசி வெளியே வராது.

மடிப்பு ஃபில்டரில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது காகிதமே இல்லாத இடம்தான். ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நடுவே விடுகிற சந்து. அந்தச் சந்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எதற்காக மடிக்கிறோம்? மருந்துத் தொழிற்சாலைகளிலும் ஆபரேஷன் தியேட்டர்களிலும் இருக்கிற, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 610க்கு 610, ஆழம் 292 மில்லிமீட்டர். இஞ்ச் கணக்கில் 24 × 24 × 11½. இதன் வழியே மணிக்குச் சுமார் 1,700 கன மீட்டர் காற்று போக வேண்டும். அப்படியென்றால் முகப்பில் காற்றின் வேகம் நொடிக்கு 1.27 மீட்டர். இதில் போடுகிற கண்ணாடி இழைக் காகிதமோ, நொடிக்கு வெறும் 5.3 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று கடந்தாலே சுமார் 300 பாஸ்கல் அழுத்தத்தைத் தின்றுவிடும். காகிதத்தை மடிக்காமல் அந்தச் சட்டத்தில் தட்டையாக ஒட்டினால் 7,000 பாஸ்கலுக்கு மேல் தேவைப்படும். அந்தச் சின்னக் காகிதத்தின் மேல் கால் டன்னுக்கும் அதிகமான பாரத்தை ஏற்றுவதற்குச் சமம் அது. காகிதம் கிழிந்துவிடும்.

அதே சட்டத்துக்குள் 19 சதுர மீட்டர் காகிதத்தை விசிறி மடிப்பாக அடுக்கினால், காகிதத்தைக் கடக்கும் வேகம் நொடிக்கு 2.5 சென்டிமீட்டராக இறங்கிவிடுகிறது. காகிதம் கேட்பது சுமார் 140 பாஸ்கல். ஆனால் புத்தம் புது ஃபில்டரின் லேபிளில் பொதுவாக 250 பாஸ்கல் என்றிருக்கும். மீதி 110 எங்கே போனது? பெரும்பகுதி அந்த மடிப்புச் சந்துகளுக்குள் நுழைந்து வெளியே வருவதற்கே செலவாகிவிட்டது. தூசி ஒரு துகள்கூட இன்னும் படியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைவதால் இன்னொரு லாபமும் உண்டு. ஃபில்டர் என்றால் சல்லடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹெப்பா காகிதத்தில் இழைகளுக்கு நடுவே இருக்கும் துளைகள், அது பிடிக்கிற துகள்களைவிடப் பெரியவை. பெரிய துகள்கள், இழையைச் சுற்றிக் காற்று வளையும்போது கூடவே வளைய முடியாமல் நேராகப் போய் இழையில் மோதிக்கொள்கின்றன. நடுத்தரமானவை உரசிப் பிடிபடுகின்றன. மிகச் சிறியவற்றைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளாட வைக்கின்றன. தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஒரு இழையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மோதும் அளவுக்குக் கனமும் இல்லாமல், தள்ளாடும் அளவுக்கு இலேசாகவும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக இருப்பவைதான் தப்பிக்கும். 0.1 முதல் 0.3 மைக்ரான் வரையிலான துகள்கள் அவை. ஹெப்பாவை 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று சோதிப்பதன் காரணம் இதுதான். அதைவிடச் சிறியதைப் பிடிக்காது என்று பலர் சொல்வது தவறு. அதைவிட மிகச் சிறியதை இன்னும் நன்றாகப் பிடிக்கும். காற்று மெதுவாகப் போனால் தள்ளாடுகிற துகளுக்கு இழையைத் தொட அதிக நேரம் கிடைக்கிறது. ஆக, மடிப்பதால் அழுத்தமும் மிச்சம், பிடிப்பும் கூடுகிறது.

இந்தக் காகிதத்தின் பூர்வீகம் போர்க்களம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விஷவாயு முகமூடிக்குள் இருந்த காகிதம் பிரிட்டிஷார் கைக்குக் கிடைத்து, அவர்கள் வழியாக அமெரிக்க ராணுவத்துக்குப் போனது. நார்க்கூழில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்த காகிதம் அது. அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க அந்த வகைக் காகிதத்தைத்தான் பெரிய சட்டங்களில் மடித்துப் போட்டார்கள். ஆழமாக மடித்த காகிதம் காற்றின் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், மடிப்புகளுக்கு நடுவே நெளி நெளியான பிரிப்பான்களைச் செருகினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. நெளித்த அலுமினியத் தகடுகளைச் செருகிய ஹெப்பாக்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. மடிப்புச் சந்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சரி, எத்தனை மடிப்பு போடுவது? ஒரே சட்டத்துக்குள் மடிப்புகளைக் கூட்டக் கூட்டக் காகிதப் பரப்பு கூடும், காகிதத்தில் இழக்கிற அழுத்தம் குறையும். அதே நேரத்தில் சந்து குறுகும். குறுகிய சந்தில் காற்று ஓடுவதற்கு ஆகும் அழுத்தம் சாதாரணமாகக் கூடுவதில்லை. அதே அளவு காற்று போகவேண்டிய சந்தின் அகலத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு ஆகிவிடும். ஒன்று இறங்க, இன்னொன்று ஏற, இரண்டையும் கூட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் சரியான மடிப்பு எண்ணிக்கை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சென், புய், லியூ மூவரும் 1995இல் இதைக் கணினிக் கணக்காகப் போட்டு வெளியிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம்: காகிதம் எவ்வளவு இறுக்கமானதோ, அந்தப் பள்ளம் அவ்வளவு அதிக மடிப்புகள் பக்கம் நகரும். ஹெப்பா காகிதத்தை நெருக்கி மடித்தால் பலன் உண்டு. ஏனென்றால் அங்கே காகிதம்தான் பெரிய செலவாளி. காற்று சுலபமாகப் போகிற டஸ்ட் கலெக்டர் காகிதத்தை அதே நெருக்கத்தில் மடித்தால் நஷ்டம்தான். ஹெப்பாவைப் பார்த்து டஸ்ட் கலெக்டர் ஃபில்டரை மடிப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இப்போது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் ஓடுகிற அளவுக்கு வருவோம். உருளை வடிவக் கார்ட்ரிட்ஜ், வெளிவிட்டம் 325, உயரம் 660 மில்லிமீட்டர், மடிப்பின் ஆழம் சுமார் 50. தூசிக் காற்று வெளியிலிருந்து உள்ளே போகும், சுத்தக் காற்று நடுக்குழாய் வழியே மேலே ஏறும். 150 மடிப்பு போட்டால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர் காகிதம். 330 மடிப்பைத் திணித்தால் 21.8. கேட்லாக்கில் இரண்டாவதுதான் பளிச்சென்று தெரியும். காகிதத்தின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு சந்தைக் கணக்கிடுங்கள். 150 மடிப்பில், தூசி நுழைகிற வெளிவாய் 5.5 மில்லிமீட்டர், சுத்தக் காற்று வெளியேறுகிற உள்வாய் 3.4. 330 மடிப்பில் வெளிவாய் 1.85, உள்வாய் 0.9.

ஒரு கார்ட்ரிட்ஜுக்கு மணிக்கு 600 கன மீட்டர் காற்று என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது. 150 மடிப்பில் காகிதம் 20 பாஸ்கல் சொச்சம், சுத்தப் பக்கச் சந்து 1 பாஸ்கல். 330 மடிப்பில் காகிதம் 10, சந்து 30. இரு மடங்குக்கும் மேலான காகிதத்துக்குக் காசு கொடுத்து, புது ஃபில்டரிலேயே அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருக்கிறோம்.

இருந்தாலும் 40 பாஸ்கல் என்பது காற்றை இழுக்கும் ஒரு ப்ளோயருக்குப் பெரிய விஷயமே இல்லை. ஓடுகிற டஸ்ட் கலெக்டரில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பாஸ்கல்வரை சாதாரணமாகப் போகும். அதனால்தான் புது ஃபில்டரை மாட்டி ஓட்டிப் பார்த்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. தூசி படிந்த பிறகுதான் தெரியும். காகிதத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் தூசி படிவது சர்வசாதாரணம். 5.5 மில்லிமீட்டர் சந்தில் இரண்டு சுவர்களிலும் ஒரு மில்லிமீட்டர் படிந்தால் 3.5 மிச்சம் இருக்கும். 1.85 மில்லிமீட்டர் சந்தில் வாயே மூடிவிடும். வாய் மூடிய பிறகு அந்த மடிப்புக்குள் இருக்கிற காகிதம் முழுவதும் இருந்தும் இல்லாததுதான்.

பிளாஸ்மா கட்டிங் செய்கிற ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஃபில்டர் வேறொரு இடத்தில் வாங்கியது. மெயின்டனன்ஸ் பார்க்கிற அண்ணன் அழுத்தம் காட்டும் கேஜைக் காட்டி, "ஏனுங்க, போன மாசந்தான் புதுசு போட்டோம். முள்ளு எறங்கவே மாட்டேங்குது. பல்ஸ் டைமரக் கொறச்சுப் பாத்தாச்சு, ஏரக் கூட்டிப் பாத்தாச்சு" என்றார். ஒரு கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெளிக்கூண்டை வெட்டி எடுத்து, காகிதத்தைத் தரையில் விரித்தோம். மடிப்பின் வெளி முனைகளை ஒட்டி இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கருப்பாக இரும்பு ஆக்சைடு தூசி கெட்டிப்பட்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அதைத் தாண்டி மடிப்பின் அடிவரைக்கும் காகிதம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. இயந்திரம் போட்ட மடிப்புக் கோடுகூட அழுக்கில்லாமல் தெரிந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதிப் பேப்பரு தூசியவே பாக்கலைங்களே" என்றார்.

ஏரைக் கூட்டினால் ஏன் சரியாகவில்லை என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பல்ஸ் என்பது ஐந்தாறு பார் அழுத்தத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உள்ளிருந்து வெளியே அடிக்கிற காற்று. அது காகிதத்தைச் சுளுக்கென்று உதறி, தூசிப் பட்டையை உதிர்க்க வேண்டும். உதிர்ந்த தூசி சந்து வழியே வெளியே வந்து கீழே இருக்கிற தூசித் தொட்டியான ஹாப்பரில் விழ வேண்டும். சந்து குறுகலாக இருந்தால் உதிர்ந்த தூசிக்கு வெளியே வர வழியில்லை. பல்ஸ் முடிந்த மறுகணம் ப்ளோயர் அதை மறுபடி உள்ளே இழுத்துப் பக்கத்து மடிப்பில் ஒட்டவைத்துவிடும். பல்ஸின் அழுத்தத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. உள்ளிருந்து வருகிற அடி, தூசிப் பக்கச் சந்தின் இரண்டு சுவர்களையும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளுகிறது. நடுவில் சிக்கிய தூசி நன்றாக அமுங்கிக் கெட்டிப்படுகிறது.

சாதாரணமாக ஓடும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். தூசிப் பக்கத்தில் அழுத்தம் அதிகம், சுத்தப் பக்கத்தில் குறைவு. சுத்தப் பக்கச் சந்தின் சுவர்கள் இரண்டும் உள்நோக்கி வளையும். கேஜ் ஏற ஏற அந்த வளைவும் ஏறும். அந்தச் சந்தே 0.9 மில்லிமீட்டர்தான் என்றால், கொஞ்சம் வளைந்தாலும் இரண்டு சுவரும் தொட்டுக்கொள்ளும். தொட்ட இடத்தில் காற்று கடக்காது. அதனால் மற்ற இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் இன்னும் ஏறும், இன்னும் அதிகம் வளையும். நச்சு வட்டம்.

இதைத் தடுக்கத்தான் ஹாட் மெல்ட் பசையைக் கோடு கோடாக இழுத்து மடிப்புகளைத் தள்ளி நிறுத்துகிறோம். காகிதத்திலேயே புடைப்பு அச்சு போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் கொஞ்சம் காகிதத்தை இழக்க வேண்டும். பசை பட்ட இடத்தில் காற்று போகாது. அந்த இழப்பு எனக்குச் சம்மதம். மடிப்பு இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தை வட்டமாக்கி, இரண்டு முனைகளையும் சேர்த்து, மேலும் கீழும் மூடியாகிற எண்ட் கேப்பை ஊற்றுவதற்கு முன் மடிப்புகளைக் கையால் சமமாகப் பரப்புகிற ஒரு கட்டம் உண்டு. அதைச் செய்கிற அக்காக்களின் விரல்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு பக்கம் நெருக்கியும் இன்னொரு பக்கம் அகட்டியும் விட்டுவிட்டால், பாலியூரித்தேன் இறுகிய பிறகு அதை யாராலும் சரிசெய்ய முடியாது. நான் வரைபடத்தில் எழுதுகிற சந்து அகலம் நிஜமாவது அந்த மேஜையில்தான்.

மடிப்பின் முனையும் அப்படித்தான். கண்ணாடி இழைக் காகிதத்தைக் கூர்மையாக மடித்தால் முனையில் இழை முறிந்து ஊசித்துளை விழும். ஹெப்பாவில் அப்படி ஒரு துளை போதும், ஃபில்டரே தோற்றுவிடும். அதனால்தான் மாட்டிய பிறகு ஃபில்டரின் முகத்தில் அங்குலம் அங்குலமாகக் கருவியை நகர்த்திக் கசிவு பார்க்கிறார்கள். டஸ்ட் கலெக்டரில் இவ்வளவு கறார் தேவையில்லை.

எல்லாத் தூசிக்கும் ஒரே சந்து பொருந்தாது. வெல்டிங் புகை மிக நுண்ணியது, மெல்லிசாகப் படியும்; ஓரளவு நெருக்கமான மடிப்பைத் தாங்கும். மரத்தூள், மாவு மாதிரிப் பொதபொதவென்று பருமனாகப் படிபவற்றுக்கு அகலமான வாய் வேண்டும். இந்த இடங்களில் நான் காகிதத்தை விட்டுவிட்டு ஸ்பன்பாண்ட் பாலியெஸ்டருக்குப் போய்விடுவேன். விறைப்பான துணி, தானாகவே மடிப்பில் நிற்கும், கழுவலாம். பரப்பு குறைவு, விலை அதிகம். ஆனாலும் தூசியை விடுகிறது. பஞ்சு என்றால் மடிப்பு ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இழைகள் மடிப்பு வாய்களின் குறுக்கே பாலம் போட்டுப் படுத்துவிடும், எந்தப் பல்ஸாலும் அதை எழுப்ப முடியாது. ஸ்பின்னிங் மில்களில் சுழலும் டிரம் ஃபில்டரை வைத்து, மேலே படிகிற பஞ்சை உறிஞ்சு குழாயால் எடுப்பது இதனால்தான்.

ஈரப்பதம் தனிக் கதை. செல்லுலோஸ் காகிதம் ஈரத்தை இழுத்து ஊதும், விறைப்பை இழக்கும். கோடையில் நேராக நின்ற மடிப்புகள் ஐப்பசி மழையில் தொய்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்வதைக் காணலாம். கடலோரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் மாதிரிக் கடல் பக்கத்தில் இருக்கிற எரிவாயு மின் நிலையங்களை நினைத்துப் பாருங்கள். டர்பைனுக்குள் போகிற காற்றில் உப்புத் துகள் இருக்கும். பகலில் காற்று வறண்டிருக்கும்போது உப்பு திடமாக மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கரைந்த உப்புநீர் சாதாரணக் காகிதத்துக்குள் ஊறி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். உள்ளே போன சோடியம், எரிபொருளில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து சூடான டர்பைன் இறக்கைகளை அரிக்கும். அங்கே நீரை ஒட்டவிடாத பூச்சோ சவ்வோ போட்ட ஃபில்டர் காகிதம் வேண்டும். மடிப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும், தண்ணீர் சந்து வழியே கீழே வடிந்துபோவதற்காக. படுக்கை வாட்டில் மடிப்பு இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகத் தேங்கி நிற்கும்.

அப்புறம், கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டி, கம்ப்ரஸர் துப்பாக்கியைக் காகிதத்துக்கு ஒட்டி வைத்து அடிக்க விடாதீர்கள். இழைகள் அகன்று துளை விழும், மடிப்பு சாயும், ரப்பர் ஓரம் உட்காராது. லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் படிந்த தூசியும் ஃபில்டராக வேலை செய்கிறது. அழுக்கைப் பார்த்துப் பதறாமல், மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்ததும் மாற்றினால் போதும்.

டஸ்ட் கலெக்டருக்கு வாங்குகிறவர்கள் சதுர மீட்டரோடு சேர்த்து மடிப்பு எண்ணிக்கையையும் காகிதத்தின் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். மடிப்புகளின் வெளிச் சுற்றளவை மடிப்பு எண்ணிக்கையால் வகுத்து, தடிமனில் இரு மடங்கைக் கழித்தால் வெளிவாய் கிடைத்துவிடும். இரும்புப் புகைக்கு அது 3 மில்லிமீட்டருக்குக் கீழே போக நான் விடுவதில்லை, மரத்தூளுக்கு 5. விவரம் தர மறுத்தால் ஒரு ஸ்கேல் போதும். கூண்டின் மேல் வைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை மடிப்பு என்று எண்ணுங்கள். 15 வந்தால் மேலே சொன்ன 150 மடிப்புக் கார்ட்ரிட்ஜ். 33 வந்தால், டர்பைன் வாயில் மாதிரித் தூசி குறைவான காற்றுக்கு ஒருவேளை பொருந்தலாம். பிளாஸ்மா டேபிளுக்கு வாங்காதீர்கள்.